ஆறாவது கையெழுத்து

கைசர் ஜஹான் நகரசபை உறுப்பினராகிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உறுப்பினர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடையாற்றுக்குத் தெற்கே, கிண்டிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த தோப்புப்பேட்டை அதுவரை வெறும் பஞ்சாயத்துதான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் நாற்பத்திரண்டில் பட்டணத்தைக் காலி செய்தவர்களில் பலர், திரும்பி வரும்போது வாடகை குறைவு என்று ஆற்றுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். ஜனம் இரண்டு மடங்காயிற்று. நாற்பத்துநாலில் சர்க்கார் அதை நகரசபையாக்கி, பன்னிரண்டு உறுப்பினர்களுக்குத் தேர்தலும் நடத்தியது. அதில் ஓர் இடம் பெண்களுக்கு. அந்த இடத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தபோது குலாம் ரசூல் யோசிக்கவே இல்லை. பதினாறு வருஷமாக அந்த ஊரில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா கைசரை எதிர்த்து எவன் நிற்பான் என்றார். எவனும் நிற்கவில்லை.

குலாம் ரசூல் ஊரில் பெரிய மனிதர். கைசர் ஜஹானின் தகப்பனாருக்குச் சிநேகிதர். பெண்ணைப் படிக்க அனுப்பினால் கெட்டுப்போவாள் என்று உறவுக்காரர்கள் மறித்தபோது, அவர்தான் தலையிட்டு அவளை மருத்துவச்சிப் படிப்பில் சேர்த்துவிட்டார். அவள் அவரைச் சித்தப்பா முறையில் சாச்சா என்பாள். அவர் அவளை மகளாக நினைத்துப் பேட்டி என்பார். அவருடைய தகப்பனார் தர்மத்துக்கு வெட்டிய பெரிய கிணற்றிலிருந்து பதினாலு மாட்டுவண்டிகள் விடிகாலையில் பீப்பாய்களோடு கிளம்பி, குழாய் இல்லாத அந்த ஊருக்குத் தண்ணீர் ஊற்றின. வரும் திங்கட்கிழமை சபையின் முதல் கூட்டம். அன்று குலாம் ரசூல் தலைவராவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு பேரில் அவரையும் கைசரையும் சேர்த்து ஏழு பேர் அவர் பக்கம். மீதி ஐந்து பேரும் தோற்கப்போகிற தேர்தலுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சுண்ணாம்புக் காளவாய்த் தெருவிலிருந்து ஆள் வந்தது. முனியம்மாளின் இரண்டு வயதுப் பெண்ணுக்கு ராத்திரியிலிருந்து வாந்தியும் பேதியும். கைசர் ஓடினாள். குழந்தையின் கண் குழிந்து, விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தன. உப்பும் சர்க்கரையும் கலந்த வெந்நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டிப் பார்த்தாள். பத்து மணிக்குக் குழந்தை அவள் மடியிலேயே அடங்கிவிட்டது. அந்தக் குழந்தையை உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த வாரத்தில் அது ஏழாவது சாவு. கைசர் அன்றும் மறுநாளும் நோய் கண்ட வீடுகளுக்கெல்லாம் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? பத்தொன்பது வீட்டிலும் ஒரே பதில், வண்டித் தண்ணீர். பள்ளிவாசல் கிணற்றில் இறைத்துக் குடிக்கிற தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பெரிய கிணற்றை அவள் போய்ப் பார்த்தாள். போன மாதம் பத்தடி தள்ளிப் புதிதாக வந்திருந்த குடிசைகளின் சாக்கடை, கிணற்றுக் கரையை ஒட்டித் தேங்கி நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் என்பது ஒரு பழைய வாடகை பங்களா. அங்கே ஸ்பெஷல் ஆபீசராக உட்கார்ந்திருந்த சுந்தரராமன் மயிலாப்பூர்க்காரர். தாசில்தார் வேலையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். சட்டப் புத்தகத்தைத் தொடாமல் எதையும் சொல்லவுமாட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, தெருவாரியாக எழுதிக்கொண்டார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. காலையிலேயே கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக் கிண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தண்டோராவும் போட்டிருந்தார்.

விறகு விற்கிற விலையில் யார் காய்ச்சுவார்கள் என்று கைசர் கேட்டாள். கிணற்றை இன்றே மூடினால் என்ன?

சுந்தரராமன் அவளுக்கு நிதானமாக விளக்கினார். "அம்மா, இப்போ இந்த ஊருக்குச் சபையும் நான்தான், சேர்மனும் நான்தான். ஒரு சேர்மன் எலெக்ட் ஆறவரைக்கும் அப்படித்தான்னு சர்க்கார் உத்தரவு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு நீங்கள்ளாம் ஒருத்தரை எலெக்ட் பண்ணிட்டேள்னா, அந்த நிமிஷத்துலேர்ந்து நான் வெறும் கமிஷனர். சபை தீர்மானம் போடணும், இல்லேன்னா அவசரம்னு சேர்மன் எழுதித் தரணும். நான் அதை நடத்திவைக்கறவன், அவ்வளவுதான்."

அப்படியானால் அதற்குள்ளேயே மூடிவிடலாமே என்றாள். ஆய்வுக்கூடத்து ரிப்போர்ட் கையில் இல்லாமல், ஒருவருடைய தர்மக் கிணற்றை மூடினால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது என்றார். ரிப்போர்ட் எப்போது வரும்? திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு.

"பதினோரு மணிக்கு எலெக்ஷன். ரெண்டு மணிக்கு ரிப்போர்ட்டு," என்றாள் கைசர்.

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்துக்கு ஆறு பேராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் கோரம் சேர்ந்து கூட்டம் செல்லும், அரைமணி நேரம் பார்த்தும் அத்தனை பேர் சேராவிட்டால் வியாழக்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைக் கட்டி வைத்தார்.

ஞாயிறு காலையில் அவள் நேராகக் குலாம் ரசூல் வீட்டுக்கே போனாள். மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வீட்டுக் கணக்கையும் சொல்லி, இரண்டே நாள் வண்டிகளை நிறுத்திவைக்கும்படி கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வராமல் இருக்கிற அந்த ஐந்து பேர்தான் இந்தப் புரளியைக் கிளப்பியிருப்பார்கள் என்றார். தேர்தலுக்கு முந்தின நாள் வண்டியை நிறுத்தினால், தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? தான் தலைவரானதும் ஒரு கமிட்டி போட்டு விசாரிப்பதாகச் சொன்னார். உள்ளே குரல் கொடுத்து ஒரு லோட்டாத் தண்ணீர் வரவழைத்தார்.

"எங்க வாப்பா வெட்டுன கெணறு. நாப்பது வருசமா இதத்தான் குடிச்சிகினு கீறேன். பாத்துக்கோ பேட்டி," என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் குடித்தார். அதுதான் கைசரைப் பயமுறுத்தியது. நாளைக்குத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபின் கிணற்றை மூடும்படி அவரை எழுதச் சொல்லி யாராலும் கேட்க முடியாது.

சாயங்காலம் அவள் புருஷன் அக்பர் பாஷா ஒரு செய்தியோடு வந்தான். கிண்டி ரேஸ் குதிரைகளுக்கு ஜீனியும் லகானும் தைக்கிறவன் அவன். அவனுடைய கடை குலாம் ரசூலின் கட்டடத்தில் இருந்தது. ரசூல் பக்கத்து ஏழு பேரில் ஒருவரான சுப்பராமன், ரிடையரான வாத்தியார், காய்ச்சலில் படுத்துவிட்டாராம். நாளைக்கு அவர் வருவது சந்தேகம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கைசர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஏழில் ஒன்று போனால் ஆறு. அந்த ஆறில் அவள் ஒருத்தி. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்குத் தேர்தலே இல்லை. தேர்தல் இல்லையென்றால் இரண்டு மணிக்கும் சுந்தரராமன்தான் சேர்மன்.

புருஷனிடம் சொன்னாள். கடை போய்விடும் என்பதையும் அவளே சொன்னாள். அக்பர் பாஷா மடியில் இருந்த தோல்வாரை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துவிட்டால் பழி வராதே என்று அவள் யோசித்ததும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ இன்னா பண்றதா இருந்தாலும் அவரு மூஞ்சிக்கு நேரா பண்ணு. ஒளிஞ்சிக்காத," என்றான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை அழைத்துப்போகக் குலாம் ரசூலின் கார் வந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம்; பின்னால் கரியடுப்பு மாட்டிய கார் அது, புகையைக் கக்கிக்கொண்டு வாசலில் நின்றது. நடந்தே வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பர்தாவைப் போட்டுக்கொண்டு பத்தே முக்காலுக்குப் பங்களாவுக்கு வந்து சேர்ந்தவள், கூடத்துக்குள் போகாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே நீள மேஜையின் தலைமாட்டில் சுந்தரராமன் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வருகைப் புத்தகமும் ஒரு மேஜைக் கடிகாரமும். குலாம் ரசூலோடு சேர்த்து ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மணி பதினொன்று அடித்தது. உறுப்பினர் ஒருவர் வந்து, உள்ளே வரலாமே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு அசையாமல் இருந்தாள். இன்னொருவர் வந்தார். பிறகு குலாம் ரசூலே வெளியில் வந்தார். புதிதாகத் தைத்த ஷெர்வானி போட்டிருந்தார்.

"உள்ள வாம்மா. நேரமாவுது."

"வரமாட்டேன் சாச்சா. கிண்டியிலேர்ந்து ரிப்போர்ட்டு வரட்டும். அதுவரைக்கும் இந்த பெஞ்சிலதான் குந்திகினு இருப்பேன்."

அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்தது. வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஊரு முன்னாடி என்னை வெசம் வச்சவன்னு சொல்றியா?"

"உங்க கெணத்துல நோவு கீதுன்னு சொல்றேன். உங்களச் சொல்லல."

குலாம் ரசூல் உள்ளே திரும்பினார். அங்கே ஐந்து பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் அவருடைய தங்கை மகன் ஷாஹுல் ஹமீது படியிறங்கி ஓடினான். கார் கிளம்பிய திசையைப் பார்த்ததும் கைசருக்குப் புரிந்துவிட்டது. கோயில் தெருவிலிருந்து சுப்பராமனைத் தூக்கிக்கொண்டுவரப் போகிறார்கள். அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால், அவள் பெஞ்சில் உட்கார்ந்ததெல்லாம் வீண்.

கோயில் தெரு ஐந்து நிமிஷத் தூரம். கடிகாரம் அவள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பதினொன்று பதினைந்து. பதினொன்று இருபது. கரி சரியாகப் பிடிக்காமல் கார் எங்காவது நின்றுவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலிக்கவில்லை. பதினொன்று இருபத்துமூன்றுக்குக் கார் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றது.

சுப்பராமனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி விஜயலக்ஷ்மி, மடியில் ஒரு பித்தளைப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஷாஹுல் ஹமீது கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, அதில் உட்காரவைத்து அப்படியே மேலே கொண்டுபோகலாம் என்றான். கைசர் எழுந்து படியிறங்கிப் போய்க் காருக்குள் குனிந்தாள்.

குழிந்த கண். சுருங்கிய விரல். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலிழைபோல் ஓடியது. எப்போதிலிருந்து என்று விஜயலக்ஷ்மியைக் கேட்டாள். நேற்று வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம், விடியற்காலையிலிருந்துதான் இப்படி என்று சொல்லி அந்த அம்மாள் அழுதாள்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். குரலே எழவில்லை. "வாக்குக் குடுத்திருக்கேன். கையெழுத்துத்தானே, போட்டுடறேன்," என்றார்.

குலாம் ரசூல் படியில் வந்து நின்றார். கைசர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கத்தவோ கெஞ்சவோ இல்லை. "இது ஜொரமில்ல சாச்சா. அதே நோவு," என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலி தயாராக இருந்தது. பிடிக்க இரண்டு பேர் நின்றார்கள். மணி பதினொன்று இருபத்தாறு. மேலே தூக்கிப்போய்ப் பேனாவைக் கையில் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. குலாம் ரசூல் காரருகே வந்து குனிந்து வாத்தியாரைப் பார்த்தார். நேரம் ஆகிறது மாமா என்று பின்னாலிருந்து ஷாஹுல் ஹமீது சொன்னான். அவர் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்கிப் போனா பொழப்பாரா?" என்று கைசரைக் கேட்டார்.

"இப்பவே போனா பொழைக்கலாம். அப்புறம்னா நான் சொல்லமுடியாது."

அவர் நிமிர்ந்தார். அந்த அரை நிமிஷத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று கைசருக்குக் கடைசிவரை தெரியாது. நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வை என்று மருமகனிடம் சொன்னார். டிரைவரைப் பார்த்து, பாலத்தைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, எங்கேயும் நிறுத்தாதே என்றார். கைசருக்குக் கார்க்கதவைத் தானே திறந்துவிட்டார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வாத்தியாரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது, பதினொன்றரைக்குச் சுந்தரராமன் வருகைப் புத்தகத்தில் கோரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரியில் வாத்தியாரின் நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். நாலு மணிக்கு அவர் கண்ணைத் திறந்து மனைவியிடம் காப்பி கேட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகுதான் கைசர் அங்கிருந்து கிளம்பினாள்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய ரிப்போர்ட் இரண்டேகாலுக்கு வந்திருந்தது. கிணற்றில் காலராக் கிருமி இருந்தது. அதுவரை சட்டப் புத்தகத்தை விட்டு எட்டிப் பார்க்காத சுந்தரராமன், தானே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வண்டிக்காரர்கள் மறிப்பார்கள் என்று இரண்டு போலீஸ்காரரையும் அழைத்துப்போயிருந்தார். அதற்குத் தேவை இருக்கவில்லை. கிணற்றுக் கொட்டகையின் சாவியைக் குலாம் ரசூல் முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார். அவர் வரவில்லை. கைசர் பட்டணத்திலிருந்து திரும்பியபோது கிணற்றின்மேல் பலகை அடித்து முடித்திருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் லாரியில் வந்தது. அதற்குள் இன்னும் நாலு உயிர் போயிற்று. வெள்ளிக்கிழமை ஏழாக இருந்தது பதினொன்றில் நின்றது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அந்த ஐந்து பேரும் வந்தார்கள். அவர்களும் ஓர் ஆளை நிறுத்தினார்கள். சுப்பராமன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இருந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பக்கம் ஐந்து, குலாம் ரசூலையும் சேர்த்து இந்தப் பக்கம் ஐந்து, மீதி கைசர். புதன்கிழமை இரவே அந்தப் பக்கத்து ஐந்து பேரில் இருவர் அக்பர் பாஷாவைப் பார்த்து, இனிமேல் உங்கள் வீட்டம்மா எங்கள் பக்கம்தானே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கைசர் இந்தத் தடவை உள்ளே போனாள். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். சீட்டில் குலாம் ரசூல் என்று எழுதி மடித்துப் பெட்டியில் போட்டாள். நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வை என்று சொன்ன மனிதரோடு ஒரு சபையில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. ஆறுக்கு ஐந்து. சுந்தரராமன் எழுந்து நின்று தலைவர் நாற்காலியைக் காட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார். அந்த நிமிஷம் முதல் அவர் கமிஷனர் மட்டும்தான்.

பிறகு கமிட்டிகள் பிரித்தார்கள். வரவு செலவுக் கமிட்டிக்கு ஆறு பேர் போட்டி போட்டார்கள். ரோடு, கட்டட வேலைக் கமிட்டிக்கு அதைவிடப் போட்டி. சுகாதாரக் கமிட்டி என்றபோது எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். கைசர் எழுந்து, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தலைவர் பேனாவை எடுத்து அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

ஊரில் பலர் நினைத்ததுபோல் அவர்கள் சமாதானமாகிவிடவில்லை. அடுத்த மாதம் ஷாஹுல் ஹமீது கடையைக் காலி செய்யச் சொன்னான். குலாம் ரசூலுக்கு அது தெரியும்; தடுக்கவில்லை. அக்பர் பாஷா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தான். குதிரைக்காரர்கள் அங்கேயும் தேடி வந்தார்கள், ஆனாலும் முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். குலாம் ரசூலின் மகளுக்குப் பிரசவம் வந்தபோது மயிலாப்பூரிலிருந்து வேறு நர்ஸை அழைத்தார்கள். தெருவில் எல்லோரும் அதைப் பேசினார்கள். கைசர் அன்று முழுவதும் வீட்டில் எந்த வேலையும் ஓடாமல் இருந்தாள்.

சபையில் மட்டும் அவர் அவளிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. சுகாதாரக் கமிட்டி எழுதி அனுப்பியது எதுவும் தலைவர் மேஜையில் ஒரு நாளுக்குமேல் தங்கியதில்லை. கிணறுகளைச் சுற்றி முப்பதடிக்குள் சாக்கடை கூடாது என்ற தீர்மானத்தை அவள் கொண்டுவந்தபோது, அவர் பக்கத்து ஆட்களே அதை எதிர்த்தார்கள். அந்த விதியால் முதலில் இடிபடப்போவது அவருடைய கட்டடங்கள்தான். விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. அன்று ஒருவர் வராததால் ஓட்டெடுப்பில் ஐந்துக்கு ஐந்து நின்றது. சமமாக நின்றால் தலைவருக்கு ஒரு ஓட்டு உண்டு என்று கமிஷனர் நினைவூட்டினார்.

குலாம் ரசூல் தாளைக் கையில் வாங்கி, முழுவதும் ஒரு முறை படித்தார். தீர்மானத்துக்குச் சாதகம் என்று சொல்லிவிட்டு, அடுத்த விஷயம் என்ன என்று கேட்டார்.